திரும்பி வருவதே செபம்



புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு ஊடாக வடக்கு நோக்கிச் செல்லும் பழைய மன்னார் வீதியில் எலுவன்குளம் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூரின் ஓரமாகக் கலா ஓயா ஓடுகின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவெவக் குளத்தின் வழியாக வரும் இந்த ஆறு, எலுவன்குளத்தைக் கடந்து, கங்கேவாடி என்ற மீனவர் குடியிருப்பின் அருகே புத்தளம் களப்பில் கலக்கின்றது. ஆற்றின் அக்கரையில் வில்பத்துக் காடு. காட்டினுள் இருக்கும் பள்ளக்கண்டல் ஆலயத்திற்குத் திருயாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் பல, இவ்விடத்தில் இறங்கிக் கைகால் கழுவி, சோற்றுப் பொதியை அவிழ்த்து, சற்று இளைப்பாறிச் செல்வதுண்டு.

மாரி காலத்தில் இந்த ஆறு வேறொரு முகத்தைக் காட்டும். மேலே மழை பொழிந்து குளங்கள் நிரம்பி வழியும்போது, எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீருக்குள் மறைந்துபோகும். செந்நிற வெள்ளம் மரக்கிளைகளையும் குப்பைகளையும் சுமந்துகொண்டு பாலத்தின் மேலாகப் பாயும். அந்த வேளையில் இக்கரையில் நிற்பவர் என்ன செய்ய முடியும்? ஆற்றை நிறுத்த முடியாது. கோபங்கொண்டு ஆற்றில் இறங்கினால் உயிர் மிஞ்சாது. கரையிலே நின்று, வெள்ளம் வடியும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஆற்றங்கரையில் ஒரு தாய் என்னிடம் பேசினார். திருயாத்திரைக் குழுவொன்றில் வந்தவர் அவர். கணவர் களப்பில் தொழில் செய்பவர். மூத்த மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு சென்றிருந்தார். வலை வாங்கப் பெற்ற நுண்கடன் வட்டியோடு வளர்ந்து நின்றது. "சுவாமி, உடம்பு படுக்குது, மனம் படுக்குதில்லை" என்றார் அவர். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், அதன்பின் கண் மூடுவதில்லையாம். மகள் சாப்பிட்டிருப்பாளா, கடன்காரர் நாளை வாசலில் வந்து நிற்பாரா, காற்று மாறினால் வள்ளம் என்னாகும் என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணங்கள் வந்துகொண்டே இருக்குமாம்.

"செபமாலையைக் கையில் எடுப்பதில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்தால் அதிலேயும் பராக்குத்தான் சுவாமி. வாய் மாதாவைக் கூப்பிடுது, மனம் கடன்காரனோடு சண்டை பிடிக்குது. இப்படிச் செபித்துப் பாவம் தேடுவதைவிடச் செபிக்காமல் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்."

அன்பார்ந்தவர்களே, அந்தத் தாயைக் கடன் துன்புறுத்தியது, பிரிவு துன்புறுத்தியது. ஆனால் இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ள அவருக்கிருந்த ஒரே துணையை, 'பராக்கு' என்ற பயம் அவர் கையிலிருந்து பறித்துவிட்டது. உங்களுள் எத்தனை பேர் இதே காரணத்தால் செபத்தைக் கைவிட்டிருக்கின்றீர்கள்? அல்லது, கைவிடாவிட்டாலும், "என் செபம் செபமே இல்லை" என்ற குற்ற உணர்வோடு முழந்தாளிடுகின்றீர்கள்? இவ்வாரம் உங்களோடுதான் பேச விரும்புகின்றேன்.

அலையும் மனம் யாருக்கில்லை?

மனம் அலைவது நம் காலத்தின் கைத்தொலைபேசியால் மட்டும் வந்த கேடென்று எண்ணிவிட வேண்டாம். மதங்கொண்ட யானையையும் வனவிலங்குகளையும் ஒருவன் அடக்கிவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்ற கருத்தைத் தாயுமானவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடி வைத்தார். கைத்தொலைபேசி இந்தப் பழைய நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கின்றது. நெருப்பை மூட்டியது அதுவன்று.

அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு உளவியலாளர்கள் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு வேளைகளில், "இப்போது என்ன செய்கின்றீர்கள், உங்கள் மனம் எங்கே இருக்கின்றது?" என்று தொலைபேசி வழியாக வினவினர். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம், மனிதரின் மனம் தாம் செய்யும் வேலையை விட்டு வேறெங்கோ இருப்பதாகத் தெரிய வந்தது. மனம் அலையும் நேரத்தில் அவர்கள் குறைந்த மகிழ்ச்சியோடு இருந்தனர் என்பதும் அந்த ஆய்வின் முடிவாகும். மனித மனத்தின் இயல்பே இதுவாக இருக்கும்போது, முழந்தாளிட்ட மறுகணமே அது அசையாத விளக்காகிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையா?

புனிதர்களுக்குக்கூட இது வாய்க்கவில்லை. திருச்சபையின் மறைவல்லுநரான அவிலா நகர்ப் புனித தெரேசா (1515-1582), செபத்தின் ஆழங்களைப் பற்றி எழுதியோருள் முதன்மையானவர். அவரே, தன் வாழ்வின் சில ஆண்டுகளில், செப நேரம் எப்போது முடியுமென்று காத்திருந்ததாகத் தன் வரலாற்றில் ஒப்புக்கொள்கின்றார். 1577இல் எழுதிய நூலிலோ, அதை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே, தன் தலைக்குள் பல ஆறுகள் இரைந்து விழுவது போன்ற ஓசை கேட்பதாகச் சொல்கின்றார். ஆறுகளின் இரைச்சலைத் தலைக்குள் சுமந்தவர் ஒரு புனிதராக முடிந்ததெனில், எலுவன்குளத்து ஆற்றங்கரையில் என்னிடம் அழுத தாய்க்கும் நம்பிக்கை உண்டல்லவா?

மாவரைக்கும் கல்

நான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் காசியன் என்ற இளந்துறவி, ஜெர்மானுஸ் என்ற தன் நண்பரோடு எகிப்தின் பாலைவனத்திற்குச் சென்றார். அங்கு வாழ்ந்த முதுபெரும் துறவிகளை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று, செபிப்பது எப்படி என்று வினவினார். பின்னாளில் பிரான்சு நாட்டின் மர்சேய் நகரில் துறவு மடங்களை நிறுவிய அவர், தான் கேட்டவற்றை உரையாடல்களாக எழுதி வைத்தார்.

அந்த இருவரும் மோசே என்ற முதியவரிடம் கேட்ட கேள்வி நம் கேள்விதான்: வேண்டாத எண்ணங்கள் எம்மை அறியாமலே உள்ளே நுழைகின்றனவே, என்ன செய்வது? முதியவர் அவர்களுக்கு, நீரின் வேகத்தால் சுழலும் மாவரைக்கும் கல்லை உவமையாகக் காட்டினார். நீர் பாயும்வரை கல் சுழன்றுகொண்டேயிருக்கும். அதை நிறுத்துவது ஆலைக்காரனின் கையில் இல்லை. ஆனால் கோதுமையைப் போட்டு அரைப்பதா, களையைப் போட்டு அரைப்பதா என்பது அவன் கையில் இருக்கின்றது. மனமும் அவ்வாறே. எண்ணங்கள் எழாமல் தடுப்பது நம்மால் இயலாது. எதை மனத்தில் இட்டு அரைப்பது என்பதை நாம் தெரிந்துகொள்ளலாம்.

ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்குப் பின் புனித தெரேசாவும் அதே ஆலையை நினைவுபடுத்துகின்றார். எண்ணங்கள் ஆலையைப்போல் கடகடவென்று ஒலித்துக்கொண்டிருக்கட்டும், நாம் நம் மாவை அரைத்துக்கொண்டிருப்போம் என்பது அவரது அறிவுரையின் சாரம்.

அப்படியானால் எந்தத் தானியத்தை இடுவது? காசியனுக்கு விடை தந்தவர் ஈசாக்கு என்ற மற்றொரு முதியவர். இறைவன் தன் துணைக்கு விரைந்து வருமாறு மன்றாடும் 70ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தைக் கொடுத்து, அதனையே இன்பத்திலும் துன்பத்திலும், வேலையிலும் ஓய்விலும், உறக்கம் வரும்வரையிலும் சொல்லிக்கொண்டிருக்கும்படி பணித்தார். திருப்புகழ்மாலையைத் தொடங்கும்போது குருக்களும் துறவியரும் இன்றும் சொல்வது அந்த வசனத்தைத்தான்.

கோலாலம்பூரில் கிடைத்த பழைய புதையல்

காலப்போக்கில் இந்த எளிய செப முறை மடங்களின் நூலகங்களுக்குள் ஒதுங்கிவிட்டது. அதைக் குடும்பங்களுக்கு மீண்டும் கொண்டுவந்தவர்களுள் ஒருவரது வரலாறு, தமிழர் பலர் வாழும் மலாயா மண்ணில் தொடங்கியது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஜான் மெயின் 1926இல் லண்டனில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1950களின் நடுப்பகுதியில் பிரித்தானிய அரச பணியாளராக மலாயாவுக்கு வந்தார். அலுவல் நிமித்தமாக ஒரு நாள் கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் என்ற இந்துத் துறவியைச் சந்தித்தார். சுவாமி, 'சுத்த சமாஜம்' என்ற அமைப்பை நிறுவி அனாதைப் பிள்ளைகளை வளர்த்து வந்தவர். அவரது அமைதியால் கவரப்பட்ட அந்தக் கத்தோலிக்க இளைஞர், தியானம் பற்றி அவரிடம் கேட்டார். ஒரு கிறிஸ்தவனாகிய நான் இவ்வாறு தியானிக்கலாமா என்றும் கேட்டார். தியானிக்கலாம், அது உம்மை இன்னும் நல்ல கிறிஸ்தவராக்கும் என்ற பொருளில் சுவாமி விடை கூறினார். உமது சமயத்திற்குரிய ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு, காலையும் மாலையும் அமைதியாக அமர்ந்து, அதை இடைவிடாமல் உள்ளத்தில் சொல்லிவாரும் என்பதே சுவாமி தந்த பயிற்சி. அடுத்த பதினெட்டு மாதங்களாக ஜான் மெயின் வாரந்தோறும் சுவாமியிடம் சென்று அவரோடு அமர்ந்து தியானித்தார்.

நாடு திரும்பிச் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், தன் சகோதரியின் மகன் சிறு வயதிலேயே நோயால் இறந்தது அவரை உலுக்கியது. வாழ்வின் பொருளைத் தேடிப் புனித ஆசீர்வாதப்பர் சபையில் துறவியானார். அங்கே, பழகியிருந்த தியான முறையைக் கைவிடும்படி பணிக்கப்பட்டார். அவர் கீழ்ப்படிந்தார். பல ஆண்டுகள் கடந்தபின், 1970களில், அமெரிக்காவில் பள்ளி அதிபராக இருந்தபோது, கிறிஸ்தவ ஞானவாழ்வைப் பற்றி அறிய ஓர் இளைஞர் அவரிடம் வந்தார். அவருக்கு உதவுவதற்காகப் பழைய நூல்களைப் புரட்டிய ஜான் மெயின், காசியனின் உரையாடல்களில் வந்து நின்றார். கோலாலம்பூரில் ஓர் இந்துத் துறவி காட்டிய வழி, தன் சொந்தத் திருச்சபையின் வீட்டிலேயே 1,500 ஆண்டுகளாக இருந்து வந்திருப்பதைக் கண்டார்!

1975இல் லண்டனில் பொதுநிலையினருக்கான தியானக் குழுவொன்றை அவர் தொடங்கினார். 1982 டிசம்பர் 30ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரில் அவர் மறைந்தபின்பும் அப்பணி வளர்ந்து, 1991இல் உலகளாவிய கிறிஸ்தவ தியான சமூகமாக உருவெடுத்தது.

இதைக் கேட்கும் சிலர், "இது நம் விசுவாசத்திற்கு ஏற்றதா சுவாமி?" என்று ஐயுறலாம். நல்ல கேள்விதான். கிறிஸ்தவ தியானம் பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15ஆம் நாள் ஆயர்களுக்கு ஒரு மடல் வரைந்தது. பிற சமயங்களின் முறைகளில் பயனுள்ளவற்றை ஏற்கலாம். ஆனால் கிறிஸ்தவ செபம் எப்போதும் ஆள் ஆளோடு கொள்ளும் உறவாகவே இருக்க வேண்டும். உடலில் தோன்றும் இதமான உணர்வுகளைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று தவறாகக் கொள்ளக்கூடாது என்பன அம்மடலின் முக்கியமான வழிகாட்டல்கள். ஆகவே நாம் வெறுமையைத் தேடி அமர்வதில்லை. நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரின் முன்னிலையில் அமர்கின்றோம்.

திரும்பி வந்த மாட்டை அடிப்பாயா?

குருமடத்தில் நான் சேர்ந்த தொடக்க நாட்களில், விடியற்காலைத் தியானம் எனக்குப் பெரும் போராட்டமாக இருந்தது. சிற்றாலயத்தில் அரை மணி நேரம் அமர்ந்திருப்போம். என் மனமோ முதலில் காலை உணவுக்குச் செல்லும், பிறகு மெய்யியல் பரீட்சைக்கு, பிறகு வீட்டுக்கு. ஒவ்வொரு முறையும் என்னை நானே கடிந்துகொள்வேன். கடிந்துகொண்ட களைப்பிலேயே நேரம் முடிந்துவிடும். இறைவனோடு இருந்த நேரத்தைவிட என்னோடு நான் சண்டையிட்ட நேரமே அதிகம்.

எங்கள் ஆன்ம வழிகாட்டி வயது முதிர்ந்தவர். ஒரு நாள் அவரிடம் இதைச் சொல்லி, எனக்குத் தேவ அழைத்தல் இல்லையோ என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டில் மாடு இருந்ததா?" என்றார். இருந்தது என்றேன். "மேய்ச்சலுக்குப் போன மாடு வழிதவறிப் போய், பிறகு தானாகவே வீடு திரும்பினால் உன் தாயார் என்ன செய்வார்? தடியெடுத்து அடிப்பாரா, தவிடு கலந்து தண்ணீர் வைப்பாரா?"

"தண்ணீர்தான் வைப்பார்" என்றேன்.

"அடித்தால் நாளைக்கு அது வீட்டுப் பக்கமே வராது. உன் மனத்தையும் அடிக்காதே."

இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2729) பராக்கைப் பற்றி இதே பாதையைக் காட்டுகின்றது. பராக்குகளைத் துரத்திக்கொண்டு ஓடுவது அவற்றின் வலையில் நாமே விழுவதாகும், நம் இதயத்திற்குத் திரும்புவதே போதுமானது என்பது அதன் போதனை. மேலும், எதைக் குறித்துப் பராக்காகின்றோமோ, அதனோடு நம் உள்ளம் ஒட்டியிருக்கின்றது என்பதையும் அது நமக்கு உணர்த்துகின்றது. அந்தத் தாயின் மனம் மகளிடம் ஓடியது, மகளை அவர் நேசித்ததால். அதுவா பாவம்? அந்த மகளின் பெயரையே இறைவன் கையில் வைத்துவிட்டுத் திரும்பினால், பராக்கே மன்றாட்டாகிவிடும் அல்லவா?

வேண்டுமென்றே, விருப்பத்தோடு மனத்தை அலையவிடுவது வேறு. நம்மை அறியாமல் மனம் அலைந்துபோவது வேறு. அறிந்த கணத்தில் திரும்பி வருகின்றோமே, அந்தத் திரும்புதல் அன்பின் செயல். பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் அகன்று முப்பது முறை திரும்பியிருந்தால், முப்பது முறை இறைவனைத் தெரிந்துகொண்டிருக்கின்றீர்கள்.

வீட்டிலே எப்படித் தொடங்குவது?

இடத்தையும் நேரத்தையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள திருவுருவப் படத்தின் முன் ஒரு பாய் அல்லது நாற்காலி போதும். காலையில் அடுப்பு மூட்டுமுன், மாலையில் குடும்ப செபத்திற்குமுன் பத்து நிமிடங்கள். பழகியபின் இருபது நிமிடங்கள். கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

முதுகை நிமிர்த்தி, தோள்களைத் தளர்த்தி அமருங்கள். மூச்சை அடக்கவோ எண்ணவோ வேண்டாம். அது தானாகவே மெதுவாகும். சிலுவை அடையாளமிட்டு, "ஆண்டவரே, உம்மோடு இருக்க வந்திருக்கின்றேன்" என்று உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.

பிறகு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'இயேசுவே' என்ற திருப்பெயர் போதும். ஜான் மெயின் பரிந்துரைத்தது, 'ஆண்டவரே வாரும்' என்று பொருள்படும் 'மாரனாத்தா' என்ற அரமேயச் சொல். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் அச்சொல் வருகின்றது. எதை எடுத்தாலும் நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள். உதடு அசையாமல், அவசரமின்றி, உள்ளத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருங்கள்.

எண்ணங்கள் வரும், கட்டாயம் வரும். கடன் வரும், பிள்ளையின் பரீட்சை வரும், அயலவர் சொன்ன சுடுசொல் வரும். அவற்றோடு வாதாடாதீர்கள். அகன்றுவிட்டதை உணர்ந்ததும், உங்களைக் கடிந்துகொள்ளாமல், அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள். நேரம் முடிந்ததும் இயேசு கற்பித்த செபத்தை மெதுவாகச் சொல்லி எழும்புங்கள். அன்றைய செபம் நன்றாக இருந்ததா, இல்லையா என்று மதிப்பெண் போடாதீர்கள்.

செபமாலையை விட்டுவிடச் சொல்கின்றேனோ என்று அன்னையர் அஞ்ச வேண்டாம். செபமாலையே நம் மூதாதையரின் தியானம். புனித இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபர் 16ஆம் நாள் வெளியிட்ட செபமாலை பற்றிய திருத்தூது மடலில், அது ஆழ்நிலைத் தியானச் செபம் என்பதையே வலியுறுத்தினார். அதற்கு முந்திய ஆண்டில், 2001 டிசம்பரில், பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் இத்தாலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரை இலத்தீன் மொழியில் அருள்நிறைந்த மரியே செபத்தைச் சொல்லச் செய்து பார்த்தபோது, அவர்களின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. அதனால் இதயத்திற்கும் இரத்த ஓட்டத்திற்கும் நன்மை பயக்கும் ஒழுங்கு உண்டாகியது. யோக மந்திரத்தைச் சொன்னபோதும் அதே பயன் காணப்பட்டது.

ஆனால் நம் வீடுகளில் செபமாலை எந்த வேகத்தில் ஓடுகின்றது? தொலைக்காட்சித் தொடர் தொடங்குமுன் முடித்துவிட வேண்டுமென்று, தலைவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர்கள் பதிலைத் தொடங்கிவிடுவதை நாம் அறிவோம்! ஐம்பத்து மூன்று மணிகளை ஓட்டமாக ஓடுவதைவிட, ஒரு பத்து மணியை மூச்சுவிட்டுச் சொல்வது மனத்திற்கும் ஆன்மாவிற்கும் நலம் தரும். இன்றிரவு ஒரு பத்து மணியை மட்டும் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இறைவாக்கினருக்கும் முதலில் உணவே கிடைத்தது

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தியானம் எல்லாத் துன்பத்திற்கும் மருந்தாகாது. இறைவாக்கினர் எலியாவின் வரலாற்றை அரசர் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். உயிருக்கு அஞ்சி ஓடிய அவர், சாக வேண்டுமென்று மன்றாடிவிட்டு ஒரு சூரைச் செடியின் அடியில் படுத்துவிட்டார். வானதூதர் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். பெருங்காற்றும், நிலநடுக்கமும், தீயும் கடந்தபின் ஓரேபு மலையில் கேட்ட மெல்லிய ஒலி அதற்குப் பிறகே வந்தது. தளர்ந்த உடலுக்கு வேண்டியதை இறைவன் முதலில் கொடுத்தார்.

ஆகவே, வாரக்கணக்கில் உறக்கமில்லாமலும், உணவில் விருப்பமில்லாமலும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணத்தோடும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், "செபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்தை அழைத்தால், தேசிய மனநல நிறுவகத்தின் உதவியைப் பெறலாம். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்பது சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தின் போதனை. கடன் நெருக்குமாயின், தனியே இரவில் கணக்குப் பார்த்துக் கலங்காமல், குடும்பத்தோடும் பங்குச் சமூகத்தோடும் பகலில் பேசுங்கள். தியானம் செய்பவர் கடமையிலிருந்து ஓடுவதில்லை. கடமையைக் கலங்காத மனத்தோடு செய்யக் கற்றுக்கொள்கின்றார்.

படகிலே உறங்கியவர்

கலிலேயக் கடலில் புயல் எழுந்த இரவை நினைத்துப் பாருங்கள் (மாற்கு 4:35-41). படகில் இருந்தவர்களுள் சிலர் தொழில் தெரிந்த மீனவர்கள். அவர்களே நடுங்கினர். ஆண்டவரோ படகின் பின்பகுதியில் தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். எங்கள்மேல் உமக்கு அக்கறை இல்லையா என்ற குறையோடுதான் அவரை எழுப்பினர். அது அழகான செபமா? இல்லை. பயமும் பராக்கும் நிறைந்த செபம். ஆனால் அவர் அதற்கும் எழுந்தார். முதலில் காற்றைக் கடிந்தார். அதன் பின்னரே அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்டார். கலங்கிய மனத்தோடு வருபவரை அவர் தள்ளுவதில்லை. அவர் படகில் இருக்கின்றார் என்பதை நினைவுகூர்ந்து அவர் பக்கம் திரும்புவதே நம் பங்கு.

எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின்மேல் சீறிப் பாயும் அதே கலா ஓயாவை, இன்னும் சற்றுக் கீழே, கங்கேவாடிப் பக்கம் சென்று பாருங்கள். அங்கே கரையெங்கும் கண்டல் காடு. ஆயிரமாயிரம் வேர்கள் நீருக்குள் ஊன்றி நிற்கின்றன. அவை ஆற்றை நிறுத்துவதில்லை. வேர்களுக்கிடையே நுழையும் நீர் வேகம் குறைகின்றது. சுமந்து வந்த சேறு மெல்லப் படிகின்றது. மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் அந்த நிழலில் வளர்கின்றன. நாள்தோறும் நாம் உள்ளத்தில் ஊன்றும் அந்த ஒரு சொல்லும் அப்படிப்பட்ட வேர்தான். ஒரு நாளில் அது காடாகிவிடாது.

அந்தத் தாயை மறு ஆண்டு மீண்டும் சந்தித்தேன். கடன் முழுவதும் தீர்ந்திருக்கவில்லை. மகள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. "நித்திரை எப்படி அம்மா?" என்று கேட்டேன்.

"இப்பவும் சில நாள் இரண்டு மணிக்கு முழிப்பு வருகுது சுவாமி" என்றார். பிறகு, சிறிது வெட்கத்தோடு, "ஆனால் இப்போ முழிச்சால் கதைக்க ஆளிருக்கு" என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, இன்றிரவு உங்களுக்கும் விழிப்பு வரலாம். வந்தால், எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவருடைய பெயரை ஒரு முறை சொல்லுங்கள். மனம் அகன்றால் மீண்டும் ஒரு முறை சொல்லுங்கள்.

ஆண்டவரே, அலைந்து களைத்த எங்கள் மனங்களை உம்மிடம் கொண்டுவருகின்றோம். எத்தனை முறை அகன்றாலும் அத்தனை முறையும் எங்களை ஏற்றுக்கொள்ளும். உறக்கமின்றித் தவிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் உமது அமைதி குடிகொள்ளட்டும். ஆமென்.